பெயர் இருக்கிறது, பொருள் எங்கே?



பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவில் இறங்கி, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு நடந்து போயிருக்கிறீர்களா? நம் தோட்டங்களிலிருந்து தாலி வாங்கவும் புடவை எடுக்கவும் அந்தப் பக்கம் போகாத குடும்பம் குறைவு. நகைக்கடை, நாணயம் மாற்றும் கடை, பூக்கடை, பள்ளிவாசலின் குவிமாடம், கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில், அதில் ஓயாமல் புகையும் ஊதுவத்தி. மாரியம்மன் கோயிலும் பக்கத்துத் தெருவில்தான். அந்தச் சாலையில் எனக்கு ஏற்பட்ட ஒரு சங்கடத்தைச் சொல்லி, அதன் வழியாக ஒரு கணினிப் பாடத்தையும் இன்று சொல்லப் போகிறேன். கணினி என்றவுடன் வானொலியை அணைத்துவிடாதீர்கள், தாய்மார்களே. உங்கள் கைப்பேசிக்குள்ளும் இதே சங்கதி இருக்கிறது.

என்னோடு வந்தவர் எங்கள் தோட்டத்து மூதாட்டி ஒருவர். பால்மரம் வெட்டியே முதுகு வளைந்தவர். பிறந்ததும் வளர்ந்ததும் இதே நாடுதான். ஆனால் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. பிறப்புச் சான்றிதழ் எடுக்காமல் விட்டுவிட்டார்கள் அந்தக் காலத்துப் பெற்றோர். நீல அட்டைக்கு விண்ணப்பம் போடத் துணை ஆதாரங்கள் தேடினோம். தோட்டப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயரும், தகப்பனார் பெயரும், எந்த லயம் என்பதும் மையால் எழுதியிருந்தன. தோட்டம் கைமாறியபோது அந்தப் பதிவேடு கரையானுக்குப் போய்விடக் கூடாதே என்று, பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கணினியில் வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து மறுநாள் காலை கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் பினாங்குப் பயணம். எனக்குத் தெரிந்த அச்சுக் கடை அங்கே ஒரு சந்துக்குள் இருந்தது.

சாலையில் நின்றுகொண்டு பாட்டி தன் சுருக்குப் பையிலிருந்து ஒரு மடித்த சீட்டை எடுத்தார். அவருடைய அண்ணன் ஒருவர் அந்தக் காலத்தில் அங்கே பத்தர் கடையில் இருந்தாராம். சீட்டில் கடை எண்ணும், 'பிட் ஸ்திரீட், பினாங்கு' என்றும் எழுதியிருந்தது.

"டீச்சரம்மா, இந்த பிட்டு ஸ்திரீட்டு எங்கம்மா இருக்கு? இன்னும் ரொம்பத் தூரமா?"

"ஆயா, நீங்க நிக்கிறதே அதிலதான்."

பாட்டி நம்பவில்லை. பெயர்ப்பலகையைப் பார்த்தார். அதில் ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் என்றிருந்தது. சாலை ஒன்றுதான். 1786-இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் இந்தத் தீவில் நகரம் போட்டபோது இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர் வில்லியம் பிட். அவர் பெயரை வைத்தார்கள். பள்ளிவாசல் எழுந்தது 1801-இல். அதை எழுப்பியவர் தென்னிந்திய முஸ்லிம் மக்களின் தலைவராக, கப்பித்தானாக, இருந்த காதர் மைதீன். பிட் முதல் முறை பதவியை விட்டு இறங்கியதும் அதே 1801-இல்தான் என்பது ஒரு வேடிக்கை. பின்னாளில் அவர் பெயர் பலகையிலிருந்தும் இறங்கியது. சீனர்கள் இதே சாலையைத் தென்னை மரத்தடி என்று பொருள்படும் பெயரால் சொல்வார்கள். ஒரு இடம், மூன்று பெயர். பழைய பெயரைச் சொன்னால் வழிகாட்ட ஆள் இருக்கும்வரை கவலையில்லை. பாட்டியின் சீட்டுக்கு நான் இருந்தேன். கணினிக்குள் அப்படி வழிகாட்ட யாரும் இல்லை என்பது, அடுத்த பத்து நிமிடத்தில் எனக்கே புரிந்தது.

கடையில் மடிக்கணினியைத் திறந்தேன். திரையில் 'பள்ளிப் பதிவேடு' என்ற ஃபோல்டர். அதைத் தொட்டேன். உள்ளே அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களின் பெயர்கள் வரிசையாக நிற்க வேண்டும். ஒன்றும் திறக்கவில்லை. 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று ஒரு வரி வந்தது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பொருள். பாட்டி கடை வாசற்படியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு பள்ளியின் ஐம்பது ஆண்டுக் கணக்கு அது. அசல் பதிவேட்டின் பாதிப் பக்கங்கள் அதற்குள் பொடிந்தே போயிருந்தன.

கடையில் வேலை செய்த இளைஞர் வந்து பார்த்தார். கறுப்பாக ஒரு சன்னலைத் திறந்து ஏதோ தட்டினார். பிறகு சிரித்தார்.

"டீச்சர், எதுவும் அழியல. இது வெறும் லிங்க்கு. உங்க படமெல்லாம் வேற ஹார்ட் டிஸ்க்கில இருக்கு. அது எங்க?"

அது என் வீட்டு அலமாரியில், துணிக்கு அடியில், பத்திரமாக இருந்தது!

இப்போது விஷயத்துக்கு வருவோம். என் அண்ணன் மகன் அந்தக் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தான். இயங்குதளம் என்பது கணினியின் பெரிய கிராணி மாதிரி. எந்தச் சாமான் எந்த ஸ்டோரில் இருக்கிறது, யார் எடுத்தார்கள், யார் திருப்பவில்லை என்ற கணக்கெல்லாம் அதனிடம். லினக்ஸை 1991-இல் தொடங்கியவர் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அதற்கு முன்மாதிரி, 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ்.

யூனிக்ஸ் வழியில் வந்த கணினிகளில் எல்லாமே ஒரே தோட்டம், வாசல் ஒன்றே. நீங்கள் புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் அது தனித் தோட்டமாக நிற்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு ஃபோல்டரின் மேல் அதைப் பொருத்திவிடுவார்கள். பெரிய தோட்டத்தோடு புது டிவிஷன் ஒன்றைச் சேர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவைத் திறந்தால் அந்த டிவிஷனுக்குள் போய்விடலாம். இதற்கு மவுண்ட் செய்தல் என்று பெயர். பிரித்து எடுப்பது அன்மவுண்ட். அதற்கான கட்டளையில் ஓர் எழுத்தை விழுங்கி 'யூமவுண்ட்' என்றே எழுதுகிறார்கள். 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே அந்தச் சொல் அப்படித்தான் இருந்தது. இத்தனை ஆண்டாகியும் யாரும் திருத்தவில்லை. என் மாணவன் எழுத்தை விழுங்கினால் நான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

அடுத்தது லிங்க். சிம்பாலிக் லிங்க் என்பது இதன் முழுப் பெயர். அது படமும் அல்ல, படத்தின் நகலும் அல்ல. அதனுள் இருப்பது ஒரு விலாசம் மட்டும். 'இன்ன டிவிஷன், இன்ன லயம், இன்ன வீடு' என்று ஒரு வரி. யாராவது அந்தப் பெயரைத் தொட்டால், இயங்குதளம் சீட்டைப் படித்துவிட்டு அந்த விலாசத்துக்கு நடந்து போகும். ஆகவே நாம் இதை விலாசச் சீட்டு என்றே அழைப்போம். யூனிக்ஸில் இந்த வசதி பரவலாக வந்தது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1983-இல் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி என்ற பதிப்பின் மூலம்.

அதற்கு முன்னும் ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் வைக்க முடிந்தது. அதை ஹார்ட் லிங்க் என்பார்கள். அங்கே இரண்டு பெயருமே அசல்தான். ஒன்றை அழித்தாலும் மற்றது பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு டிவிஷன் சாமானுக்கு வேறொரு டிவிஷன் பேரேட்டில் பெயர் எழுத அது இடங்கொடுக்காது. ஒரு டிஸ்க்கின் எல்லையைத் தாண்டாது. தாண்ட வேண்டுமானால் விலாசச் சீட்டுதான் வழி. என் அண்ணன் மகனும் அதைத்தான் செய்திருந்தான். படங்கள் பெரியவை, மடிக்கணினியில் இடமில்லை; எனவே படங்களை வெளி டிஸ்க்கில் போட்டு, மேசைத்திரையில் சீட்டுகளை மட்டும் வைத்துவிட்டான். வீட்டில் டிஸ்க் எப்போதும் செருகியே இருந்ததால் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

சரி, புறப்படும் முன் டிஸ்க்கை முறையாகக் கழற்றினேனே, அப்போதாவது இயங்குதளம் என்னை எச்சரித்திருக்க வேண்டாமா? "அம்மா, இந்த டிஸ்க்கை நம்பி அறுபது சீட்டுகள் இருக்கின்றன, கழற்றாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லாது. ஏன் என்பதுதான் இன்றைய பேச்சின் நடு விஷயம்.

ஒரு லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்று வையுங்கள். நம்மில் பலர் கண்ணால் கண்ட காட்சிதான். மண்டோர் வந்து என்ன பார்க்கிறார்? உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு வீட்டில் ஒரு கிழவர் படுத்திருந்தாலும் இடிப்பது நிற்கும். ஆனால், பினாங்கிலோ சிங்கப்பூரிலோ ஒருவருடைய சட்டைப் பையில் அந்த லயத்தின் விலாசம் எழுதிய சீட்டு இருக்கிறது என்பதற்காக யாராவது இடிப்பதை நிறுத்துவார்களா? அந்தச் சீட்டு இருப்பதே மண்டோருக்குத் தெரியாது. எத்தனை சீட்டு, யார் யார் பையில் என்று எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை.

இயங்குதளமும் அப்படியே. டிஸ்க்கைக் கழற்று என்றால் அது ஒரு செக்ரோலைப் பார்க்கிறது. அந்த டிஸ்க்கில் உள்ள கோப்பை யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா? ஏதாவது ஒரு நிரல் அந்த டிஸ்க்கின் ஃபோல்டருக்குள் நின்று வேலை செய்கிறதா? டிஸ்க்கில் இருக்கும் நிரலே ஓடிக்கொண்டிருக்கிறதா? அதற்குள் இன்னொரு டிஸ்க் பொருத்தியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் 'டார்கெட் இஸ் பிஸி' என்று மறுத்துவிடும். ஆள் இருக்கிறது, முடியாது என்று அர்த்தம். விலாசச் சீட்டுக்கு அந்தச் செக்ரோலில் பெயர் இல்லை. எனவே டிஸ்க் கழன்றுவிடும். சீட்டுகள் அப்படியே கிடக்கும். இப்படி அந்தரத்தில் நிற்கும் சீட்டுகளை ஆங்கிலத்தில் தொங்கும் லிங்க் என்று பொருள்படச் சொல்கிறார்கள்.

ஒரு நல்ல செய்தியும் இதிலேயே இருக்கிறது. சீட்டு எந்தப் பொருளையும் பிடித்துக்கொள்வதில்லை. ஆகையால் டிஸ்க் போனதால் அதற்கு நட்டமும் இல்லை. அதே டிஸ்க்கை அதே இடத்தில் மறுபடி பொருத்தினால், அதே வினாடியில் எல்லாச் சீட்டும் உயிர்பெறும். நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கடையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன். மகன் அலமாரியைத் திறந்து டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பேருந்து பிடித்து, பட்டர்வொர்த் வந்து ஃபெர்ரி ஏறினான். பாட்டிக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "எம் பேரு அதில இருக்குத்தானேம்மா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். நான்கு முறை கேட்டார். நான்கு முறை சொன்னேன். என் மனத்துக்குள் அவ்வளவு உறுதி இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

டிஸ்க் வந்தது. செருகினோம். ஒரு பெயரைத் தொட்டார் அந்தத் தம்பி. பழுப்பேறிய பக்கம் திரையில் விரிந்தது. பாட்டி கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டு, "இதுதான் எங்கய்யா பேரா?" என்று விரலை வைத்தார். அது அடுத்த வரி. நான் விரலைப் பிடித்து ஒரு வரி மேலே நகர்த்தினேன்.

அச்செடுத்து முடித்தபின் இன்னொரு வேடிக்கை நடந்தது. டிஸ்க்கைக் கழற்றப் போனால் 'பிஸி' என்கிறது. படத்தை மூடிவிட்டோம். திரையில் அந்தக் கறுப்புச் சன்னல் ஒன்றுதான் மிச்சம். அதுவும் 'மேசைத்திரை, பள்ளிப் பதிவேடு' என்று என் கணினியின் சொந்த ஃபோல்டரில் நிற்பதாகத்தான் எழுதிக் காட்டியது. டிஸ்க்கில் யாருமே இல்லையே!

தம்பி தலையைச் சொறிந்துவிட்டு, 'நீ உண்மையில் எங்கே நிற்கிறாய்' என்று கேட்கும் ஒரு கட்டளையைத் தட்டினார். பி-டபிள்யூ-டி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டுப் பெரிய 'பி' எழுத்து. இப்போது பதில் மாறியது. டிஸ்க்குக்குள் நிற்கிறேன் என்றது! நடந்தது இதுதான்: 'பள்ளிப் பதிவேடு' என்பதே ஒரு சீட்டு, டிஸ்க்கில் இருக்கும் ஃபோல்டரைக் காட்டும் சீட்டு. அந்தப் பெயரைச் சொல்லி உள்ளே போனவர், கால் வைத்தது என்னவோ டிஸ்க்கில்தான். ஆனால் சன்னல் தான் வந்த வழியின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. சீட்டு டிஸ்க்கைப் பிடித்து வைக்காது. சீட்டு வழியாகப் போன ஆள் பிடித்து வைப்பார். இந்த நுட்பத்தில் நன்கு படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். அந்தத் தம்பியும் தடுக்கினார் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சீட்டின் பெயரைச் சொல்லியே 'இதைக் கழற்று' என்று கட்டளை கொடுத்தால் என்ன ஆகும்? யூமவுண்ட் கட்டளை சீட்டைக் கழற்றாது. சீட்டைப் படித்து, அது காட்டும் இடத்துக்குப் போய், அங்கே ஏதாவது பொருத்தியிருந்தால் அதைக் கழற்றும். வீட்டில் இது வசதி. பலர் புழங்கும் பெரிய கணினியில் இதுவே ஆபத்து. சாதாரணப் பயனர் தன் சொந்தப் பென்டிரைவைக் கழற்றிக்கொள்ளட்டும் என்று ஒரு நிரலுக்கு முழு அதிகாரம் கொடுத்து வைத்திருப்பார்கள். நிரல் 'இது இவருடையதுதானா' என்று சரிபார்க்கும். சரிபார்த்த பிறகும் கழற்றுவதற்கு முன்னும் உள்ள ஒரு கண்சிமிட்டும் நேரத்தில், குறும்புக்காரன் அந்த இடத்தில் ஒரு விலாசச் சீட்டை மாற்றி வைத்துவிட்டால்? நிரல் சீட்டைப் பின்பற்றிப் போய், அவன் தொடக் கூடாத டிஸ்க்கைக் கழற்றிவிடும். பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது ஒருவன் கைதூக்க, வேலைக்காட்டில் வேறொருவன் நிற்பது மாதிரி. இதைத் தடுக்கத்தான் 2010-இல் வந்த லினக்ஸ் 2.6.34 பதிப்பில், 'சீட்டாக இருந்தால் பின்தொடராதே' என்று சொல்லும் ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள்.

செக்ரோல் என்று சொன்னேன் அல்லவா? இயங்குதளம் ஆட்களின் பெயரை எழுதுவதில்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஒருவர் உள்ளே போனால் ஒன்று கூட்டும். வெளியே வந்தால் ஒன்று கழிக்கும். பூச்சியமானால் கழற்றலாம். எளிய ஏற்பாடு; ஆனால் ஓரிடத்தில் கழிக்க மறந்தால் என்ன ஆகும்? அப்படி ஒரு பிழை லினக்ஸிலேயே இருந்தது. 2014 ஜூலையில் அது வெளிப்பட்டது, விலாசச் சீட்டும் கழற்றுதலும் சந்திக்கும் அதே முனையில்தான்.

ஒரு டிஸ்க் பொருத்தியிருக்கிறது. அதற்குள் ஒரு ஃபோல்டர். அந்த ஃபோல்டரைக் காட்டும் சீட்டும் அதே டிஸ்க்கில். சீட்டின் பெயரைச் சொல்லிக் கழற்று என்கிறார் ஒருவர். 'அங்கே எதுவும் பொருத்தப்படவில்லை' என்று பதில் வருகிறது. சரியான பதில்தான். பிறகு அவர் டிஸ்க்கையே கழற்றப் பார்க்கிறார். 'பிஸி' என்கிறது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தேடினால் ஒருவரும் இல்லை. முதல் கட்டளையின்போது விசாரிக்க உள்ளே போன கணக்கில் ஒன்று கூட்டியது. 'அப்படி ஒன்றும் இல்லை' என்று திரும்பி வந்தபோது கழிக்கவில்லை. கிராணி ஒரு ஆளை உள்ளே அனுப்பி, வந்ததும் அடிக்காமல் விட்ட கணக்கு. இல்லாத ஆளுக்காக லயம் காத்து நிற்கிறது.

இது வெறும் எரிச்சலூட்டும் பிழை மட்டும் அல்ல. அதே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். கணினியையே நிலைகுலையச் செய்யலாம். எனவே பாதுகாப்புக் குறைகளின் உலகப் பட்டியலில் சிவிஇ-2014-5045 என்ற எண்ணில் பதிந்து, 3.15.8 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். உலகமெங்கும் கோடிக்கணக்கான கணினிகளை ஓட்டும் ஒரு நிரலில், கழித்தல் குறி ஒன்று விட்டுப்போயிருந்தது. ஒன்றாம் வகுப்பில் கூட்டல், கழித்தல் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இதைப் படித்தபோது உள்ளூர ஒரு பெருமை வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆள் இருந்தாலும் கழற்ற வேண்டிய அவசரம் வரலாம். அதற்கும் வழி உண்டு. சோம்பல் கழற்றுதல் என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள். கதவை உடனே எடுத்துவிடும். புதிதாக யாரும் நுழைய முடியாது. சீட்டுகள் எல்லாம் அந்தக் கணமே தொங்கிவிடும். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தங்கள் வேலையை முடித்து வெளியேறும்வரை டிஸ்க் உள்ளுக்குள் உயிரோடு இருக்கும். கதவு போய்விட்டதே என்று உடனே வயரைப் பிடுங்கினால் அவர்கள் எழுதிக்கொண்டிருந்தது நாசம்.

இன்னும் இரண்டு கெடுதிகளைச் சொல்ல வேண்டும். புது டிவிஷனை ஒரு ஃபோல்டரின் மேல் பொருத்துகிறார்கள் என்றேன். அந்த ஃபோல்டரில் முன்பே ஏதாவது இருந்தால்? டிஸ்க் பொருத்தியிருக்கும்வரை அது மறைந்திருக்கும். கழற்றினால் மறுபடி தெரியும். டிஸ்க் கழன்றிருக்கும் நேரத்தில் ஒரு நிரல், சீட்டு காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லையே என்று, தானே ஃபோல்டர்களை உண்டாக்கி அங்கே எழுதத் தொடங்கிவிடக் கூடும். கணினியின் சொந்த இடம் நிரம்பும். மறுநாள் டிஸ்க்கைப் பொருத்தினால் எழுதியதெல்லாம் அதற்கு அடியில் மறைந்துவிடும். நேற்று எழுதியது எங்கே போயிற்று என்று தேடுவார்கள். இடம் ஏன் நிரம்பியது என்றும் தெரியாது. தொங்கும் சீட்டாவது 'இல்லை' என்று உண்மையைச் சொல்கிறது. வேறு ஏதோ ஒன்றைக் காட்டும் சீட்டு பொய் சொல்கிறது. எனக்கு முதலாவதே மேல்.

மற்றது, முறையாகக் கழற்றாமல் வயரைப் பிடுங்குவதால் வருவது. டிஸ்க் போனாலும் பழைய வெற்று ஃபோல்டர் சில சமயம் அப்படியே தங்கிவிடும். அடுத்த முறை செருகும்போது, அந்தப் பெயர் எடுத்தாகிவிட்டது என்று கணினி நினைத்து, பின்னால் ஒன்று என்ற எண்ணைச் சேர்த்துப் புதுப் பெயரில் பொருத்தும். டிஸ்க் அதே, படங்கள் அதே. ஆனால் சீட்டு பழைய விலாசத்தைச் சொல்கிறது. பிட் ஸ்திரீட்டைத் தேடிய பாட்டியின் கதைதான். வித்தியாசம், பக்கத்தில் நின்று 'ஆயா, இதேதான் அது' என்று சொல்ல ஆள் இல்லை.

கைப்பேசிக்கும் இது உண்டு என்றேன். ஆண்ட்ராய்ட் கைப்பேசிகள் லினக்ஸ் மேல் ஓடுபவை. அவற்றில் 'எஸ்டி கார்ட்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். இன்றைய கைப்பேசிகளில் அது ஃபோல்டரே அல்ல, ஒரு சீட்டு. அது இன்னொரு சீட்டைக் காட்டும். அந்தச் சீட்டுதான் உங்கள் படங்கள் இருக்கும் உண்மையான இடத்தைக் காட்டும். இப்படிச் சீட்டுக்குச் சீட்டாக எவ்வளவு தூரம் போகும் என்றால், லினக்ஸ் நாற்பது வரை பொறுமையாகப் போய்ப் பார்க்கும். அதற்கு மேல் இது சுற்றுவட்டம் என்று கைவிட்டுவிடும். 2010 வாக்கில் வந்த ஆண்ட்ராய்ட் கைப்பேசிகளை வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கலாம்: கணினியோடு வயர் போட்டு நினைவட்டையைத் திறந்தால், அட்டையில் வைத்த செயலிகள் கைப்பேசித் திரையிலிருந்து காணாமல் போகும். அட்டை கைப்பேசியிலிருந்து கழன்று கணினிக்குப் போனதுதான் காரணம். வயரை எடுத்தால் திரும்பி வந்துவிடும். பலர் அழிந்துவிட்டதென்று பயந்து கடைக்கு ஓடினார்கள்.

நான் செய்துகொண்ட ஏற்பாடுகளைச் சொல்கிறேன். டிஸ்க் எந்தத் துளையில் செருகினாலும் ஒரே பெயரில், ஒரே இடத்தில் பொருந்தும்படி அண்ணன் மகனை எழுதி வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டத்துக்கும் அதற்கென்று தனி அடையாள எண் உண்டு, அந்த எண்ணை வைத்துச் செய்யலாம். டிஸ்க்குக்குள்ளேயே ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குச் சீட்டு வைக்கும்போது முழு விலாசம் எழுதுவதில்லை. 'இதே லயத்தில் வலப்பக்கம் இரண்டாவது வீடு' என்பது போல எழுதினால், டிஸ்க்கை எங்கே கொண்டுபோய் எந்தப் பெயரில் பொருத்தினாலும் சீட்டு சரியாக வேலை செய்யும். தோட்டத்தின் பெயர் மாறினால் என்ன, பக்கத்து வீடு பக்கத்து வீடுதானே!

வெளியே கொண்டுபோவதற்கு முன் ஒவ்வொன்றின் அளவையும் பார்க்கிறேன். பதிவேட்டின் ஒரு பக்கப் படம் பல லட்சம் எழுத்து அளவு இருக்கும். வெறும் சீட்டு என்றால் விலாசத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான், ஐம்பதோ அறுபதோ எழுத்து. சீட்டுகளை அப்படியே பென்டிரைவுக்கு நகலெடுக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். கடையில் வாங்கும் பென்டிரைவுகளில் வழக்கமாக இருக்கும் ஃபேட் முறைக்குச் சீட்டு வைக்கவே தெரியாது. நகலெடுக்கும் நிரல் சீட்டைப் பின்தொடர்ந்து அசலை எடுத்தால் நல்லது, இல்லையென்றால் மறுத்துவிடும். எப்படியானாலும், பேருந்து ஏறுவதற்கு முன், டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு தடவை திறந்து பார்த்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

அன்று மாலை ஃபெர்ரிக்குத் திரும்பும்போது பாட்டி அச்செடுத்த தாளைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பத்தர் கடை இருந்த எண்ணில் இப்போது வேறு கடை. அங்கே இருந்தவர்களுக்கு அண்ணனைத் தெரியவில்லை. சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுபடி நான்காக மடித்துச் சுருக்குப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

விண்ணப்பம் மறுநாள் காலையில் பதிவிலாகாவில் சேர்ந்தது. பதில் இன்னும் வரவில்லை. வாரம் ஒரு முறை என் வீட்டு வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.